தூசி துடைத்த குற்றம்

என் நூலின் அட்டைப்படத்தைக் கெடுத்தவன் நானே என்றொரு பேச்சு பூண்டுலோயாவிலிருந்து ஹட்டன் வரை உலவுகிறது. அது அவதூறு. ஆகவே, திருகாணியாரைப் பற்றிய உண்மையை எழுதிவைப்பது என் கடமையாயிற்று.

அவரைப் போன்ற பிடிவாதக்காரர் இம்மலைநாட்டில் முன்னும் பிறந்ததில்லை. இனிப் பிறந்தால் தேயிலைச் செடிகளே இடம்பெயர்ந்துவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். தாமே செய்த தொலைநோக்கியின் திருகாணிகளை ஓயாது முறுக்கியதால் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் ‘திருகாணி’ என்றழைத்தனர். மரியாதை விகுதியைச் சேர்த்தவன் நான். அந்த நன்றியும் அவருக்கில்லை.

பழந்தமிழர் கண்ட விண்மீன்கள் பற்றிய என் நூல், அட்டை ஒன்றுக்காகவே அச்சகத்தில் காத்துக்கிடந்தது. கார்த்திகை மீன்களைப் படம்பிடித்துத் தருவதாக அவர் வாக்களித்தார். முதற்படத்தில் மீன்கள் ஆறும் வால் முளைத்த தலைப்பிரட்டைகளாக நெளிந்தன.

“த்ரீவீலர் ஆட்டோல கொண்டாரப்ப குலுங்குனதுல குழாய்க்குள்ள கண்ணாடி சாஞ்சிருச்சிங்க ஐயா. நீங்க ஓட்டையில கண்ண வச்சுப் பாருங்க. நான் பின்னால முறுக்குறேன்.”

குனிந்தேன். குனிந்தபடியே நிற்க, சாலையில் இரண்டு பேருந்துகள் போயின.

“புள்ளி வட்டத்துக்கு நடுவுல வந்துருச்சா?”

“வந்துவிட்டது!”

“அசையாதீங்க… ஐயய்யோ, குழாயில ஏன் கைய ஊனுனீங்க? மறுபடி போயிருச்சு!”

அடுத்த படத்தில் மீன்கள் ஊசிமுனையாய் ஒளிர்ந்தன. ஆனால் இடையிடையே சாம்பல்நிற வளையங்கள்!

“அது பாக்டரித் தூளுங்க. கேமராக் கண்ணாடியில ஒட்டியிருக்கு. காலையில மூடுபனி வரட்டும். அந்த வெள்ளையையும் ஒரு படம் புடிச்சா, வளையத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல சரிபண்ணிரலாம்.”

மலையே சபிக்கும் மூடுபனிக்கு அவர் ஒருவரே வரவேற்பாளர். மறுநாட்காலை அவர் தேநீர் எடுக்க உள்ளே போனார். நான் கேமராவைக் கழற்றி, சலவைக் கைக்குட்டையால் அக்கண்ணாடியைப் பளிங்காகத் துடைத்துப் பழையபடி பொருத்தினேன். என் நூலில் மாசு படியலாகாது என்ற அக்கறை.

பனி வந்தது, அவரும் படம்பிடித்தார். கணினி கணக்கிட்டது. வளையங்கள் அசையவில்லை.

“ஐயா, தூசியத் தொடச்சீங்களா?”

“துடைத்தேன். நன்றியெல்லாம் வேண்டாம்.”

“நன்றியா! வெள்ளைப் படத்துலயும் அதே தூசி அதே எடத்துல இருந்தாத்தானே எதைச் சரிபண்ணணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும்! ராத்திரி பூரா குளிருல நின்னு எடுத்த படங்க!”

அழுக்கை நீக்க அழுக்கைப் பேணவேண்டும் என்று எந்த நூல் கூறுகிறது? துப்புரவுக்கு வசை வாங்கியவன் உலகில் நான் ஒருவனே. அத்தோடு விட்டாரா? தொழிற்சாலை முழுதும் பறைசாற்றினார். கொழுந்து நிறுக்கும் பெண்கள்கூட என்னைக் கண்டதும், “கூடையை மூடுங்கடி, தொடைக்கிற ஐயா வர்றாரு!” என்று சிரித்தனர்.

அதன்பின் வானம் திறக்கவேயில்லை. அச்சகத்தார் நாள்தோறும் நெருக்கினர். திருகாணியார் வேலைமுடிந்து வந்து, மாலைதோறும் கணினிமுன் அமர்ந்து, ஒவ்வொரு வளையமாகக் கையாலேயே அழித்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இறுதியில் ஆறாம் மீனருகே ஒரு வளையம் எஞ்சியிருந்தது.

“இதையும் எடுத்துவிடுங்கள்.”

“மாட்டேங்க. ஐயாவோட நட்சத்திரத்துக்குப் பக்கத்துல எங்க பாக்டரித் தூளும் ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்.”

அப்படியே அச்சேறியது.

இக்குறிப்பில் பிழை காணும் வாசகர்கள் அருள்கூர்ந்து திருத்துக. அட்டையிலுள்ள அந்த வளையத்தை மட்டும் எவரும் திருத்த வேண்டா.