செவலைப் பூச்சிக்கு ஒரு காப்புரிமை

தில்லைநாயகத்தின் கடை வாசலில் தன் பூச்சி தொங்குவதை முப்பிடாதி பஸ்ஸுக்குள் இருந்தே பார்த்துவிட்டான். ஒன்றிரண்டு அல்ல, அட்டைக்குப் பன்னிரண்டாக, கொசுவலைக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் நடுவில் சரம் சரமாகத் தொங்கியது. பஸ் நிற்பதற்குள் குதித்தான். கண்டக்டர் திட்டியது காதில் விழவில்லை.

பூச்சி என்றால் உயிருள்ள பூச்சி இல்லை. தூண்டில் முள்ளின்மேல் செவலைச் சேவலின் கழுத்து இறகைச் சுற்றி, சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டிய பொய்ப் பூச்சி. தண்ணீரில் விட்டுச் சுண்டினால் மீன் நிஜமென்று நம்பிக் கவ்வும். மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு இந்தச் செவலைப் பூச்சியை உருவாக்கியவன் முப்பிடாதி. சிற்றாற்றுக் கெண்டைகள் அதன்மேல் போட்டி போட்டுக்கொண்டு விழுந்தன. புனலூரிலிருந்து வந்த தூண்டில் கிளப்புக்காரர் ஒருவர் அதைக் கண்ணால் பார்த்து மயங்கி, "இது வேற எங்கயும் கிட்டாதுன்னா, மாசாமாசம் எங்க கிளப்புக்கு எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஒரு வாக்கைத்தான் முப்பிடாதி நம்பியிருந்தான். குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில், குளிக்க வருகிறவர்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவது அவன் தொழில். இருபத்தாறு வருஷமாக ஊரான் முதுகு. முதுகு முடிந்தால் தொப்பை, தொப்பை முடிந்தால் அடுத்தவன் முதுகு. இந்த ஆர்டர் மட்டும் கைக்கு வந்துவிட்டால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பூச்சி கட்டியே காலத்தை ஓட்டிவிடலாம்.

"அண்ணாச்சி, இது எம்பூச்சி" என்றான், கடைப் படியில் ஏறியும் ஏறாமலும்.

தில்லைநாயகம் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "அப்படியா? கூப்பிட்டுப் பாரு, வருதான்னு பாப்போம்."

"வெளையாடாதீய. நான் கட்டுனதப் பாத்துத்தான கட்டியிருக்கீய?"

"பாத்துத்தான் கட்டுனேன். ஒரு பூக்காரி கட்டுததப் பாத்து இன்னொருத்தி கட்டுனா கேஸா போடுதாவ? நீ முதுகுல தட்டுதியே ஒரு தட்டு, அது ஒங்க மாமன் தட்டுன தட்டுதானே. அவரு எப்பவாது பங்கு கேட்டாரா?"

முப்பிடாதி ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "சரி, இதுல மீனு விழுதா?" என்று மட்டும் கேட்டான்.

"எனக்கு ஏவாரம் மனுஷங்கிட்ட. மீனு ஒண்ணும் கடைக்கு வரல. உம்பூச்சிதான்னு கவர்மெண்ட் பேப்பர் இருந்தா கொண்டா, அந்த நிமிசமே இறக்கிருதேன்."

பேப்பர் வாங்கப் போன இடம் கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்த உமா மகேஸ்வரி வக்கீலின் அறை. அவர் சென்னையில் காப்புரிமைப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். தென்காசிக்கு வந்த இந்தப் பத்து வருஷத்தில் பாகப்பிரிவினையும் வேலித் தகராறும் தவிர வேறு எதையும் அவர் பார்த்ததில்லை. முப்பிடாதி விஷயத்தைச் சொன்னதும் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாவம், அவருக்கும் ஆசை இருக்காதா.

"இந்தச் சிவப்பு வால் எதுக்கு?"

"மீனு பிடிக்கதுக்கு மேடம்."

"அப்படின்னா அதை டிசைன்னு பதிய முடியாது. டிசைன்னா கண்ணுக்கு எப்படித் தெரியுதுங்கிறது மட்டும்தான்."

"எவன் கண்ணுக்கு மேடம்? மனுஷன் கண்ணுக்கா, மீனு கண்ணுக்கா?"

உமா மகேஸ்வரி பேனாவை மூடி வைத்தார். அந்தக் கேள்வி அவர் எழுதிய பரீட்சையில் வரவில்லை.

"அப்பம் சும்மா அழகுக்குன்னு எழுதிருங்க."

"அழகுக்குன்னு எழுதினா பேடண்ட் கிடையாது. அதுக்கு இதுவரைக்கும் இல்லாத புது விஷயம் ஒண்ணு அதுல இருக்கணும். சரி, இதை வெளியில யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

"யாருக்கும் காட்டல. எண்ணெ தேய்க்க வாரவங்களுக்கு மட்டுந்தான்."

"எவ்வளவு பேர் இருப்பாங்க?"

"ரெண்டு சீசன் மேடம்."

குற்றாலத்தில் ரெண்டு சீசன் என்றால் பாதித் தமிழ்நாடு. உமா மகேஸ்வரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஊருக்கே காட்டிய பிறகு எதையும் புதுசு என்று பதிய முடியாது. பழைய பூச்சி போனது போனதுதான். ஒரே வழி, அதிலிருந்து மாறுபட்ட புதுப் பூச்சி ஒன்று கட்ட வேண்டும். மனு போடும்வரை அதை ஒரு ஈ காக்கை பார்க்கக் கூடாது.

"இன்னொண்ணு" என்று அவர் மேசையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினார். முப்பிடாதி வரைந்து கொண்டுவந்திருந்த படத்தில் அவன் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய் ஊறி, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது. "இப்படி அனுப்பினா அங்க குப்பையில போட்டுருவாங்க. கையில எண்ணெய்ப் பிசுக்கே இருக்கக் கூடாது. போட்டோ எடுக்கப் பழைய பூச்சியும் வேணும், புதுப் பூச்சியும் வேணும். ரெண்டும் பளிச்சுன்னு இருக்கணும்."

முப்பிடாதி எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. நேராகக் கொட்டகைக்குப் போனான். சாரல் நன்றாகப் பிடித்து, கூட்டம் வரிசை கட்டி நின்ற நேரம். அத்தனை பேர் முன்னிலையிலும் தன் மரப்பலகையை, பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த மாரிராஜிடம் தள்ளிவிட்டான்.

"இனி இது ஒனக்குலே. எண்ணெயத் தொட்டா என் பேரு முப்பிடாதி இல்ல."

"நாளைக்கு வந்து திருப்பிக் கேக்க மாட்டீயளே?" என்று கேட்டான் மாரிராஜ். அதற்குள் பலகையில் ஒரு ஆளைப் படுக்க வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்தான். வாசம் போகவில்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்தான். பெட்டியிலிருந்த பழைய பூச்சிகள் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி, வெயில் எட்டிப் பார்த்த நேரமாகப் பார்த்துக் காயவைத்தான். பிறகு கதவைத் தாழிட்டு, ஜன்னலை மனைவி இசக்கிச்செல்வியின் சேலையால் மூடிக்கொண்டு, புதுப் பூச்சி கட்ட உட்கார்ந்தான். இசக்கிச்செல்விக்கே உள்ளே அனுமதி இல்லை.

"என்ன செய்யுதியன்னு எங்கிட்டயாவது சொல்லுங்களேன்" என்றாள் அவள் கதவுக்கு வெளியே.

"சொன்னா சட்டப்படி போச்சுட்டீ."

மூன்று நாள் இப்படி நடந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை புனலூர்க்காரர் வருகிறார். அதற்குள் பூச்சி முடிய வேண்டும், மனு போக வேண்டும். புதுப் பூச்சியின் மீசைக்கு எதை வைத்தாலும் சரிவரவில்லை. கடைசியில் இசக்கிச்செல்வியின் சீப்பில் சிக்கியிருந்த முடி சரியாகப் பொருந்தியது. இறகுக்காக உள்ளே கட்டிப்போட்டிருந்த சேவல் அவ்வப்போது அலறியது. கழித்துப்போட்டதை எல்லாம் பொட்டலமாகக் கட்டி அவன் தெருமுனையில் போட்டான்.

அந்தப் பொட்டலத்தைத் தெருநாய் பிரித்தது. நாய் பிரித்ததை எதிர்வீட்டு அகிலாண்டேஸ்வரி பார்த்தார். பிழிந்த எலுமிச்சம்பழம், சேவல் இறகு, சிவப்பு நூல், பெண்பிள்ளை தலைமுடி, வளைந்த இரும்பு முள். வியாழக்கிழமைதான் அவர் மகளுக்கு வந்த சம்பந்தம் ஒரு காரணமும் இல்லாமல் தட்டிப்போயிருந்தது. அவர் வேறு எதை நினைப்பார்?

சனிக்கிழமை காலையில் முப்பிடாதி வீட்டு முன்னால் தெருவே நின்றது.

"எம்பிள்ள ஒனக்கு என்னப்பா பாவம் செஞ்சா?" அகிலாண்டேஸ்வரி அந்தப் பொட்டலத்தை விரித்துக் காட்டினார். "யாருக்குச் செய்வினை வைக்கே? உள்ள என்ன பூசை நடக்கு?"

"ஆச்சி, பூசையும் இல்ல ஒண்ணும் இல்ல. பூச்சி கட்டுதேன்" என்றான் முப்பிடாதி, கதவைத் திறக்காமலே.

"பூச்சி கட்டதுக்கு எதுக்குக் கதவப் பூட்டுதே?"

"வெளிய காட்டக் கூடாது ஆச்சி. சட்டம்."

இதைக் கேட்டதும் கூட்டம் இன்னும் ஓரடி நெருங்கியது. பின்னால் யாரோ பூசாரிக்குப் போன் போட்டார்கள். இசக்கிச்செல்வி மூன்று நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கதவில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"இப்பம் தொறக்கியளா, இல்ல நானே போலீசுக்குச் சொல்லட்டுமா? எந்தலைமுடிய எதுக்கு எடுத்தீய?"

முப்பிடாதி யோசித்தான். பேப்பர் பெரிசா, தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது பெரிசா? கதவைத் திறந்தான். புதுப் பூச்சியை உள்ளங்கையில் வைத்து, நாற்பது பேருக்கும் தனித்தனியாகக் காட்டினான். எலுமிச்சம்பழம் எதற்கு, மீசை எதற்கு என்று விளக்கினான். அகிலாண்டேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாக்க லட்சணமாத்தான் இருக்கு" என்றார். அதற்குள் ஐந்தாறு பேர் போட்டோ எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் உமா மகேஸ்வரியிடமிருந்து போன் வந்தது. அந்தப் போட்டோ ஏழெட்டு குரூப் தாண்டி அவருக்கே வந்து சேர்ந்திருந்தது.

"முடிஞ்சுபோச்சு முப்பிடாதி" என்றார். குரலைக் கேட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது. "ஊர் முழுக்கப் பார்த்ததை இனி ரகசியம்னு எப்படி எழுதுறது? நான் வேலித் தகராறே பார்க்கிறேன்."

அன்று ராத்திரி முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு நம்பிக்கை ஓரத்தில் இருந்தது. பேப்பர் இல்லாவிட்டால் என்ன, மீன் இருக்கிறதே. யார் பார்த்துக் கட்டினாலும் தன் கைக்கு விழுகிற மாதிரி விழுமா?

ஞாயிறு காலையில் புனலூர்க்காரர் சிற்றாற்று வளைவுக்கு வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பேப்பர் கிடக்கட்டும் சேட்டா. மீன் கடிச்சா போதும். இன்னைக்கே ஆர்டர் உறப்பிக்கலாம், முடிவாக்கலாம்."

முப்பிடாதி தூண்டில் கயிற்றில் புதுப் பூச்சியைக் கட்டினான். பக்கத்துப் பாறையில் வழக்கம்போல சைதூன் பீவி உட்கார்ந்திருந்தார். மார்க்கெட்டில் கடல்மீன் விற்கிற அம்மா. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் குழம்புக்கு ஆற்று மீன்தான் வேண்டும் அவருக்கு. எள்ளுப் பிண்ணாக்கை உருட்டி முள்ளில் குத்திப் போடுவார். "மீனுக்குத் தீனி போடாம பொம்மையப் போடுதியேலே" என்று மூன்று வருஷமாக முப்பிடாதியைக் கேலி செய்கிறவர்.

புதுப் பூச்சி தண்ணீரில் விழுந்தது. சுண்டினான். இழுத்தான். ஒன்றும் இல்லை. இன்னும் தள்ளிப் போட்டான். கெண்டை ஒன்று கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"புதுசுல்லா, மீனுக்குப் பழகல" என்று சொல்லி, சோப்புப் போட்டு அலசிய பழைய பூச்சியை எடுத்துக் கட்டினான். ராசியான பூச்சி. போன மாதம் இதே இடத்தில் ஒரே காலையில் பதினொரு கெண்டை கொடுத்த பூச்சி. அரை மணி நேரம் போட்டான். பாசி வந்தது.

புனலூர்க்காரர் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் தில்லைநாயகம். கையில் ஒரு பை நிறைய பூச்சி அட்டைகள். "ஏலே, என்னத்தலே ஒளிச்சு வச்சிருக்கே? இறக அளந்து, நூல எண்ணி, உள்ளது உள்ளபடி கட்டுனேன். ஒரு பொடி மீனுகூட விழலன்னு வாங்குனவன் பூரா திருப்பிக் கொண்டாந்து எறியுதான்."

"எனக்கே விழல அண்ணாச்சி" என்றான் முப்பிடாதி. சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. பலகை போச்சு, பேப்பர் போச்சு, இப்போது பூச்சியும் போச்சு. இறகு தப்பா, முடிச்சு தப்பா, மேகம் தப்பா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

சைதூன் பீவி நாலாவது கெண்டையைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். முப்பிடாதியின் கையிலிருந்து செவலைப் பூச்சியை வாங்கினார். கண்ணால் பார்க்கக்கூட இல்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை அவன் மடியிலேயே போட்டார்.

"சோப்பும் எலுமிச்சம்பழமுமால்லா மணக்கு, இத்தன நாளும் மீன இழுத்துக்கிட்டு வந்த ஒங்கை நல்லெண்ணெய எங்கலே கழுவிவிட்ட?"