மாஸ்டர் கையெழுத்து

படகு நடு ஏரியில் நின்றுவிட்டது. எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமத் தெம்பில்லாமல் அடங்கிப்போனது. ரெக்கார்டு கிளார்க்குக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், மத்தியானம் தாண்டினால் தனக்கும் இப்படித்தானே ஆகிறது என்று நினைத்துக்கொண்டார்.

எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் பெட்ரோல் டேங்கைத் தட்டிக் காட்டினார். வாட்டசாட்டமான ஆள். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில்.

"இந்த மூடி மேல சின்னதா ஒரு திருகு இருக்கே, அது எதுக்கு சார்?"

"தெரியலையே சார்."

"ம்ம்..." என்று மாஸ்டர் தாடையைத் தடவிக்கொண்டார்.

பதிலைச் சொல்லித் தர மாட்டார் போலிருக்கிறது, நாமேதான் கண்டுபிடிக்க வேண்டுமாம் என்று கிளார்க்குக்குப் புரிந்தது. ஆளுக்கொரு துடுப்பை எடுத்தார்கள். கரை வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அது திங்கட்கிழமை, முதல் பாடம். இந்த வயதில் அவரைப் படகில் ஏற்றியது ஆபீசிலிருந்து வந்த அரைப் பக்கக் காகிதம். ஏரி நடுவில் ஒரு அளவுக் கம்பம் இருக்கிறது. மாதம் ஒருமுறை படகில் போய் அதில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதி வந்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த வேலை கிளார்க்கின் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள், படகு ஓட்டத் தெரியும் என்று 'மாஸ்டர் கையெழுத்து' போட்ட சான்றிதழ் வராவிட்டால், எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளை ஆபீசுக்கு மாற்றல்.

பதினோரு வருஷம் அவரும் மனைவியும் ஆளுக்கொரு ஊரில் வேலை பார்த்தவர்கள். போன வருஷம்தான் ஒரே வீட்டுக்கு வந்தார்கள். மறுபடியும் தனியாகப் பொங்கித் தனியாகத் தின்ன அவரால் முடியாது. ஏரியில் முழுகுவதைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தார்.

திங்கட்கிழமை காலையில், முப்பது வருஷப் பழக்கமாக அக்குளில் ஃபைலும் பையில் இரண்டு பேனாவுமாகத்தான் அவர் படகுத்துறைக்குப் போனார். அங்கே காக்கிச் சட்டை போட்ட ஷெட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்தார். பார்வை ஃபைலின் மேலேயே இருந்தது.

"நீங்க... ஆபீஸ்லேர்ந்தா சார்?"

"ஆமா, ஆபீஸ்லேர்ந்துதான்."

ஷெட்டுக்காரருக்கு முகம் வெளுத்தது. இரண்டு லைஃப் ஜாக்கெட்டையும் சாவியையும் நீட்டினார். "எல்லாம் ரூல்படிதான் இருக்கு சார்" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் மறைந்தார். துறையின் ஓரத்தில் விசிலோடு நின்றிருந்த மாஸ்டர் அப்போதுதான் திரும்பினார்.

"வணக்கம் சார்."

"வணக்கம் சார். ஆரம்பிக்கலாமா சார்?"

"நீங்க எப்ப சொன்னாலும் சரி சார்."

"ஜாக்கெட்டை மாட்டாம ஏறக்கூடாதுல்ல சார்?"

"கூடாது சார்."

அங்கே ஆரம்பித்ததுதான்.

திங்கட்கிழமை ராத்திரி கிளார்க் படகுக் கையேட்டைப் புரட்டி, செவ்வாய்க்கிழமை காலையில் பதிலோடு வந்தார். "அந்தத் திருகு காத்துக்கு சார். அதைத் தளர்த்தி வெச்சாத்தான் டேங்குக்குள்ள காத்து போகும், பெட்ரோல் வெளிய வரும்."

"அடடா! ரொம்ப நன்றி சார்!" என்று மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாணவனுக்கு நன்றி சொல்லும் வாத்தியாரைக் கிளார்க் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அன்று எஞ்சின் நிற்கவில்லை. அதுதான் வினையாகிப்போனது. எஞ்சினின் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் போகிறது. மாஸ்டர் "வலது சார், வலது!" என்று கத்த, கிளார்க் வலது பக்கமே தள்ள, படகு நேராகப் போய்த் துறையின் தூணில் முட்டியது. ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு மறைந்தது.

அன்று சாயங்காலம் மனைவி துடைப்பத்தைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பின்னால் எஞ்சின் கைப்பிடி மாதிரி சொருகினார்.

"வலதுன்னு சொன்னா இடது பக்கம் தள்ளுங்க. கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொல்றதுக்கு நேர்மாறாத்தானே செய்றீங்க, இது மட்டும் கஷ்டமா?"

நூறு தடவை பழகினார். தூக்கத்திலும் கை நேர்மாறாகப் போனது.

புதன்கிழமை தூணில் புத்தம் புதிய டயர் கட்டியிருந்தது. மாஸ்டரும் ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார் போலிருக்கிறது. படகு வலது பக்கம் போக வேண்டிய இடத்தில் "இடது!" என்றார். பழகிய கை வலது பக்கம் தள்ளியது. படகு கோரைப் புதருக்குள் புகுந்தது. இரண்டு தப்பு சேர்ந்தால் ஒரு சரி ஆகாது, கோரைப் புல்தான் ஆகும் என்று கிளார்க் அலுப்போடு காதிலிருந்து ஒரு புல்லை எடுத்துப் போட்டார்.

"இனிமே வாயால சொல்ல வேண்டாம் சார். கையால திசையைக் காட்டிடுங்க."

"நல்ல யோசனை சார். நீங்க சொன்னா சரி."

அதன் பிறகு மாஸ்டரே ஒரு சுற்று ஓட்டினார். அவரும் அதே புதருக்குள் கொண்டுபோய் விட்டார். எப்படி ஓட்டக்கூடாது என்று வேண்டுமென்றே செய்து காட்டுகிறார் என்று கிளார்க் ஃபைலில் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கோரை வெட்டிச் சுத்தமாக இருந்தது. படகும் நேராகப் போனது. ஆனால் கரைக்கு வரும்போது கயிறு சதி செய்தது. ஓட்டுகிறவர் மணிக்கட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. தப்பித் தவறி ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும், படகு ஆளை விட்டுவிட்டு ஓடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரையில் ஷெட்டுக்காரர் சல்யூட் அடித்தார். மரியாதைக்கு மரியாதை என்று கிளார்க்கும் கையைத் தூக்கினார். கயிறு பிடுங்கியது, எஞ்சின் நின்றது, படகு மிதந்துபோய்ப் படிக்கட்டில் இடித்தது.

இன்னொரு சுற்று. இந்த முறை கயிறு கட்டாத கையால் சல்யூட் அடித்தார். அது கைப்பிடியைப் பிடித்திருந்த கை. படகு செக்கு மாடு மாதிரி இரண்டு வட்டம் போட்டுவிட்டு அதே படிக்கட்டுக்கு வந்தது.

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. கிளார்க்குக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள்தான் பாக்கி. இறங்கி நேராக ஷெட்டுக்காரரிடம் போனார்.

"இங்க பாருங்க, இனிமே சல்யூட் அடிக்கற வேலை வேண்டாம்."

"தப்பா சார்?"

"பெரிய தப்பு!"

ஷெட்டுக்காரர் கைகட்டி நின்றார். பாவம், அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று கிளார்க்குக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் திரும்பிப்போய்ச் சமாதானம் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை படிக்கட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. கிளார்க் ஜாக்கெட்டை மாட்டினார். திருகைத் தளர்த்தினார், கயிற்றைக் கட்டினார். படகு கம்பம் வரை போய், அதை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்தது. கரைக்கு இருபது அடியில் வேகத்தைக் குறைத்தார். பத்து அடியில் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலப் படகு துறையைத் தொட்டது.

அடுத்து மாஸ்டர் ஓட்டினார். அவரும் அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார்.

"பிரமாதம் சார்!" என்றார் கிளார்க்.

"எல்லாம் உங்க தயவு சார்" என்று மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எவ்வளவு அடக்கம்! கிளார்க் ஃபைலைத் திறந்து சான்றிதழை எடுத்து, பேனாவோடு நீட்டினார். "மாஸ்டர் கையெழுத்துன்னு இருக்கற இடத்துல சார்."

மாஸ்டரும் அதே நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "இதுல நீங்க போடணும் சார். என்னை மீன்பண்ணைக்கு எடுத்திருக்காங்க. இது இல்லாம சேத்துக்க மாட்டாங்களாம்."

அதே சான்றிதழ். அதே 'மாஸ்டர் கையெழுத்து'. அதே காலி இடம்.

"அப்ப நீங்க மாஸ்டர் இல்லையா?"

"நீங்கதானே சார்?"

"உங்க கழுத்துல விசில்?"

"படகுல விசில் இருக்கணும்னு கையேட்டுல போட்டிருந்துது சார். வாங்கினேன்."

இரண்டு பேரும் படகைப் பார்த்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள். ஐந்து நாளாக அந்த ஆழத்துக்கு மேலே யாரை நம்பிப் போய் வந்தோம் என்று நினைத்ததும் கிளார்க் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெட்டியை எடுத்து வை என்று எப்படிச் சொல்வது? மனசு விட்டுப்போயிற்று.

அப்போது பின்னால் யாரோ மெல்லக் கனைத்தார்கள். ஷெட்டுக்காரர். சல்யூட் அடிக்கப் போன கையைப் பாதியில் அடக்கிக்கொண்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தைப் பணிவாக நீட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் இடிச்சுக் காட்டின இடத்தையெல்லாம் சரி பண்ணிட்டேன் சார், இந்த இன்ஸ்பெக்‌ஷன் பேப்பர்ல 'மாஸ்டர் வேலை திருப்தி'ன்னு ஆளுக்கொரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா, நாளையிலேர்ந்து நான் தைரியமா பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவேன்!"