சித்தப்படியாரும் வீட்டுக் காரும்

மனிதர்களில் சித்தப்படியார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சபை கூடி, பாட்டு முடிந்து, போதகர் பிரசங்கத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்ட பிறகு உள்ளே நுழைந்து முதல் வரிசையில் உட்காருகிறவர் அவர். ஏன் தாமதம் என்று கேட்டால் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே தீர்மானமான விஷயங்க இது" என்பார். அவருடைய குடை தொலைந்தால் தேவ சித்தம். அடுத்தவர் குடை கையோடு வந்துவிட்டால் அதுவும் தேவ சித்தம். அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் இன்னும் சித்தம் ஆகவில்லை.

நமக்கு வாய்த்த சித்தப்படியாருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது; ஆனால் வாயைத் திறந்தால் "எல்லாம் அவர் சித்தப்படி" என்றே தொடங்குவதால் பெயரை எல்லாரும் மறந்துபோனார்கள். அவரிடம் கற்ற ஒருவன் டெஸ்டில் தேறினால், "சொல்லிக்கொடுத்தது யாரு?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். தேறாமல் போனாலோ குரல் தழுதழுத்துவிடும். "அவன் தேறணும்னு ஆண்டவர் முன்குறிக்கலம்மா. நாம என்ன பண்ண முடியும்?" வெற்றி உள்ளூர்ச் சரக்கு, தோல்வி மட்டும் பரலோகத்திலிருந்து இறக்குமதி.

இந்த இனத்துக்கு ஓர் எதிரினம் உண்டு. அதுவும் அவர் வீட்டுக்கே வரும். மனைவியின் அண்ணன், பல் டாக்டர். கடவுள் மனிதனுக்குச் சுயசித்தம் கொடுத்திருக்கிறார், எல்லாமே அவனவன் எடுக்கும் முடிவு என்பது டாக்டரின் கட்சி. கன்னம் வீங்கி வந்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம், "இனிப்பு தின்னது யாரோட முடிவு?" என்று கேட்பார். வாய் நிறையக் கருவிகளோடு கிடப்பவர் என்ன பதில் சொல்வார்? டாக்டர் இந்த வாதத்தில் இதுவரை தோற்றதே இல்லை.

ஞாயிறு மாலை சித்தப்படியார் வீட்டில் வேத வகுப்பு. போதகர் நடத்துவதாகப் பேர். நடத்துவது இவர்கள் இருவரும்.

"குயவன் கையில களிமண்ணு நாம. களிமண்ணு எங்கயாவது கருத்துச் சொல்லுமா மச்சான்?"

"நீங்க வாரம் தவறாம சொல்றீங்களே மாப்பிள்ளை! ஆண்டவர் கதவத் தட்டுவார். தொறக்க வேண்டியது நம்ம கை."

"அந்தக் கை தொறக்கும்னு தீர்மானிச்சது யாரு?"

"அப்ப தொறக்காதவன் மேல எதுக்குக் குத்தம்?"

இப்படிப் போகும். போதகர் கையை உயர்த்திக் கெஞ்சுவார். "நாளைக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சு வெச்சிருக்கிறது வேற, பண்ண வைக்கிறது வேற." உடனே இருவரும், "அதத்தானே நானும் சொல்றேன்!" என்று ஒரே குரலில் கூவி, அடுத்த நொடி மறுபடி மோதிக்கொள்வார்கள். போதகர் டீயை எடுத்துக்கொள்வார். அது ஆறிப்போயிருக்கும்.

டீ கொண்டுவருகிறவர் சித்தப்படியாரின் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரம் அவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது: படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் வேலை. பல வருஷமாக அவர் ஆசைப்பட்ட வேலை. கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் மனைவிக்கு ஸ்டீயரிங்கைத் தொட்ட பழக்கம் கிடையாது. கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுப் பார்த்துவிட்டார்.

அந்த ஞாயிறு ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டார். "எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பீங்களா, மாட்டீங்களா?"

சித்தப்படியார் கூரையைப் பார்த்தார். "சித்தம் இருந்தா, நேரம் வரும்போது அது தானா நடக்கும்மா."

"கார் தானா நடக்காதுங்க."

மனைவி அண்ணன் பக்கம் திரும்பினார். டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "நீ முடிவெடு! அது போதும். ஒன்னத் தடுக்க யாரு இருக்கா?"

"முடிவெடுத்துட்டேன் அண்ணா. வீட்டுக் கார இவர் தொட விடமாட்டார். பழகிக்க ஒங்க காரக் குடுங்க."

"அது வந்து..." டாக்டரின் நெஞ்சு மெல்ல இறங்கியது. "புது வண்டிம்மா. கொஞ்சம் யோசிச்சுத்தான்..."

தேவ சித்தமும் சுயசித்தமும் ஒரே சோபாவில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து டீ குடித்தன. மனைவி வெறும் ட்ரேயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அவர் போனது எங்கே தெரியுமா? கணவர் வேலை பார்க்கிற அதே டிரைவிங் ஸ்கூலுக்கு. அதன் முதலாளியம்மா ஒரு கெட்டிக்காரி; விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்ததாகக் கேள்வி. தானே கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். சித்தப்படியாரின் வண்டி வடக்கே போனால் இவர்கள் தெற்கே போனார்கள். ஒரு தடவை சிக்னலில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டன. மனைவி துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொண்டார். சித்தப்படியார் தம் மாணவனிடம், "பாத்தியா, அந்தம்மா எவ்வளவு அழகா வண்டிய நிறுத்தியிருக்காங்க! முன்குறிச்சவங்கன்னா அப்படித்தான்" என்றார்.

ஸ்கூலில் எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். உலகம் முழுக்க முன்னறிவு நிரம்பி வழிந்தது. சித்தப்படியார் ஒருவர்தான் வறண்டு கிடந்தார். டெஸ்டுக்கு முந்தைய ஞாயிறு போதகர் பீடத்தில் நின்று, "பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியோட முயற்சி கைகூடணும்" என்று ஜெபித்தார். சபையே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. எல்லாரையும்விட உரக்க "ஆமென்!" என்றவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

மனைவி முதல் தடவையே தேறிவிட்டார்.

மறுநாள் காலை சித்தப்படியார் வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால், வீட்டுக் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுகிற பக்கம் நர்ஸ் சீருடையில் மனைவி. கண்ணாடிக்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டி, "ஏறுங்க, போற வழியில விட்டுடறேன்" என்கிறார்.

அவர் முகத்தில் அப்போது வந்து போன நிறங்களுக்கு நம் மொழியில் போதிய பெயர்கள் இல்லை. வாசலில் நின்று கத்தலாமா என்று பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை. ஏறிவிட்டார்.

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டுக் காரில் ஏது? தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்ததும் அவருடைய வலது கால் அது பாட்டுக்குப் போய்த் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. வண்டி நிற்கவில்லை. சைக்கிள் போய்விட்டது. அடுத்து ஒரு நாய். மிதி. ஒரு பஸ். மிதி. ஒன்றுமே வராத ஓர் இடம். அங்கேயும் ஒரு மிதி.

"திரும்பு! திரும்பாத! கண்ணாடியப் பாரு! ரோட்டப் பாரு! ஐயோ, லாரி!"

"ஏங்க, எல்லாம் முன்குறிச்சதுதானே. லாரியும் அவர் சித்தப்படிதானே வருது. எதுக்குக் கத்துறீங்க?"

"லாரிக்காரனுக்கு அது தெரியாதும்மா!"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரமாக, ரொம்ப அழகாக, கோடு பிசகாமல் நிறுத்தினார். பக்கத்தில் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி நின்ற பிறகும் சித்தப்படியார் தரைவிரிப்பை மிதித்த காலை எடுக்கவே இல்லை.

"நான் எவ்வளவு பேரப் பாத்திருக்கேன் தெரியுமா?" என்றார், கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு. "ஒரு நொடிம்மா. ஒரே ஒரு நொடி கவனம் தப்பினாப் போதும். தினம் வண்டியில உக்காந்து அதத்தான் பாக்குறேன். நீ அந்த சீட்டுல இருக்கிறதா நெனச்சாலே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. சித்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம்."

மனைவி இன்ஜினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார். "பயம்னா நான் ஒங்ககிட்டப் பேசியிருப்பேன், பதில் சொல்லியிருப்பேன். நீங்க ஆண்டவர இழுத்து நடுவுல நிறுத்திட்டீங்க. அவர்கிட்ட நான் என்னங்க வாதாடுறது?"

வேத வகுப்பில் இத்தனை காலம் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. சித்தப்படியார் கையை நீட்டி மனைவியின் சீட் பெல்ட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"சரி, கெளம்பு. கண்ணாடியப் பாத்து எடு."

"பாத்துட்டேங்க."

அந்த வேலை மனைவிக்குக் கிடைத்தது. அடுத்த ஞாயிறு டாக்டர் சோபாவில் சாய்ந்து, "பாத்தீங்களா மாப்பிள்ளை? என் தங்கச்சி எடுத்த முடிவு!" என்று ஆரம்பித்தார். சித்தப்படியார் வழக்கம்போல் கூரையைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "ஆமா மச்சான். முடிவு அவதான் எடுத்தா. ஆண்டவருக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நடுவுல மறிச்சுக்கிட்டு நின்னது நான்தான்." போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. பல வருஷத்தில் முதல் தடவையாகச் சூடாக ஒரு டீ குடித்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அதற்கடுத்த ஞாயிறே களிமண்ணும் குயவனும் கூடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் ஒரு மாற்றம். மனைவி ஏதாவது கேட்டால் மட்டும் மனிதர் கூரையைப் பார்ப்பதில்லை. முடியும், முடியாது, பயமாக இருக்கிறது என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சந்தோஷம். படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொடுங்கள். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். உங்களிடம் எப்படிக் கொடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.