மூடியைத் திறந்தது நான்தான்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக உங்கள் தம்பியிடம், அதாவது என் அப்பாவிடம், காட்டவே காட்டாதீர்கள். படித்து முடித்ததும் உங்கள் ரொட்டிக்கடை அடுப்பில் போட்டுவிடுங்கள். அது பெரிய அடுப்பு, ஒரு நொடியில் சாம்பலாகிவிடும். எங்கள் ஓவனில் போட்டால் ஓரம் மட்டும் கருகி, நடுவில் எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும். அது எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறது.

இங்கே நாங்கள் மூவரும் நலம், அங்கே நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் எனப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் நலமாக இருங்கள். நான் நலமாக இல்லை. கதவிடுக்கில் வெளிச்சம் தெரியாமலிருக்க மேசை விளக்கின் மேல் சீருடைப் பாவாடையைப் போர்த்திவிட்டு எழுதுகிறேன். அது சூடாகி இஸ்திரி போடும் வாசம் வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா சுடும் ரொட்டியைச் சாப்பிட நீங்கள் வருகிறீர்கள்.

அப்பா வயரிங் வேலைக்குப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து குதிகாலை உடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. போனில் உங்களிடம் மட்டும் "நல்லா இருக்கேன்க்கா" என்பார். ஊரெல்லாம் விளக்கு எரிய வைத்தவர், எங்கள் கூடத்து விளக்கைக்கூடப் போடாமல் ஜன்னலோர நாற்காலியில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சவரம் கிடையாது. என்னப்பா என்றால் "ஒண்ணுமில்லம்மா". ஒரு புதன்கிழமை அவர் பேசிய வார்த்தைகளை எண்ணினேன். பதினொன்று. அதில் நான்கு வெறும் "ம்".

அப்படி இருந்தவர் ஒருநாள் போனில் யாரோ ரொட்டி சுடுவதைப் பார்த்தார். உருண்டையாக, முரட்டுத் தோலோடு, மேலே பிளந்து, தோட்டத்தில் தோண்டி எடுத்தது மாதிரி இருக்கும் ரொட்டி. மறுநாளே ஒரு கண்ணாடி பாட்டிலில் மாவும் தண்ணீரும் கலந்து புளிக்க வைத்தார். அதற்குச் சின்னவன் என்று பெயர். வேளாவேளைக்கு அதற்கு மாவு ஊட்ட வேண்டும். "சின்னவன் சாப்பிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே ஊன்றுகோலை டக் டக்கென்று ஊன்றி சமையலறைக்கு வருவார். அம்மா தையல் மெஷினில் இருந்தபடியே, "பெத்த புள்ளைய ஒரு நாளாவது சாப்டியான்னு கேட்டிருப்பாரா இந்த மனுஷன்? பாட்டிலுக்கு வந்த வாழ்வப் பாரு!" என்பாள். ஆனால் அவளும் ராத்திரி எழுந்து போய், சின்னவன் பொங்கியிருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

இனிமேல்தான் என் குற்றம் வருகிறது. கனத்த இரும்புப் பானையை ஓவனுக்குள் நன்றாகக் காயவைத்து, மாவு உருண்டையை அதில் போட்டு மூடிவிட வேண்டும். மாவிலிருந்து எழும் நீராவி உள்ளேயே சுற்றினால்தான் ரொட்டி உப்பும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "அரை மணி நேரம் அந்த மூடிய யாரும் தொடக்கூடாது. ஆவி போச்சுன்னா ரொட்டி போச்சு. புரியுதா?" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் தலையாட்டினேன். ஐந்தாவது நிமிடத்தில் திறந்து பார்த்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள் அத்தை. உள்ளே ஒன்று வளர்கிறது என்று சொல்லிவிட்டு அதைப் பார்க்காதே என்றால் எப்படி? ரொட்டி தட்டு மாதிரி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் திறந்தேன். அது செங்கல் மாதிரி வந்தது. இப்போது சமையலறைக் கதவு காற்றில் அடிக்காமல் நிற்பது அதன் தயவில்தான். அப்பா யாரையும் திட்டவில்லை. "மாவு சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் நாற்காலிக்குப் போனார். அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது அந்த மூன்று வார்த்தைகள்தான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு கைகள் மேலும் நானே உட்கார்ந்துகொண்டேன். அப்படியும் திறந்துவிட்டேன். மாவு பரிதாபமாகப் படுத்திருந்தது. அம்மா துணி கொடுக்கப் போயிருந்தாள். அப்பா நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, தெருமுனை ரொட்டிக்கடைக்கு ஓடினேன். நீங்கள் என் பிறந்தநாளுக்கு அனுப்பிய பணத்தை வைத்துத்தான் உருண்டை ரொட்டி ஒன்று வாங்கினேன். அப்பாவை ஏமாற்ற உங்கள் பரிசையே செலவழித்திருக்கிறேன், அதற்குத் தனியாக மன்னிக்க வேண்டும். அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவந்து, தட்டையானதைக் கிடுக்கியால் வெளியே எடுத்து, வாங்கியதைப் பானைக்குள் வைத்து மூடினேன். மூடவும் அலாரம் அடிக்கவும் சரியாக இருந்தது. டக் டக்கென்று அப்பா வந்தார்.

மூடியைத் திறந்தார். ரொட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் விரலால் இரண்டு தடவை தட்டி, காதை வைத்துக் கேட்டார். வெந்த ரொட்டி உள்ளே காலியான அறை மாதிரி சத்தம் தரும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். டொக், டொக். பிறகு என்னைப் பார்த்தார். அத்தை, அந்த முகம்! அம்மா வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "இங்க வா, காத வெச்சுக் கேளு! கேக்குதா?" என்றார். அம்மா கேட்டுவிட்டு, "யாரோ உள்ள இருக்காங்க போல" என்றாள். அப்பா சிரித்தார். அன்றைக்கே சவரம் செய்தார். பிற்பகலுக்கு மேல் அவர் வார்த்தைகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எப்படி நிறுத்துவது? மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இதுதான் என் வேலை. கடைக்காரர் என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் ஒரு ரொட்டியை எடுத்து நீட்டுகிறார். அதுவும் சுடச்சுட. நல்ல மனிதர். அப்பா சுட்ட ரொட்டிகளை ஒழிப்பதுதான் பெரும்பாடு. ஒன்றைக் குளத்து வாத்துகளுக்குப் போட்டேன். அது நேராக மூழ்கியது. வாத்துகள் சுற்றி நின்று பார்த்தன. இன்னொன்று பள்ளிப் பையில் கிடந்து, ஆய்வகத்து ஆசிரியை எடுத்துப் பார்த்து, "இது என்ன பாறை வகை?" என்றார். சொந்த ஊர்ப் பாறை என்றேன். மூன்றாவதின் மேல்தான் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசையைவிடச் சமமாக இருக்கிறது.

எல்லாம் நான் வாங்கி வைத்த ரொட்டியைப் படம் எடுத்து அப்பா உங்களுக்கு அனுப்பியதில் வந்த வினை. "இருபது வருஷமா சுடறேன், எனக்கே இப்படிப் பிளந்ததில்லையேடா! வர ஞாயித்துக்கிழமை வர்றேன், என் கண்ணு முன்னாடி சுடு பாக்கலாம்" என்று நீங்கள் குரல் பதிவில் சொன்னதை அப்பா ஸ்பீக்கரில் போட்டு இரண்டு தடவை கேட்டார்.

உங்களுக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். நான் வரைந்த குதிரையைப் பார்த்து "இது நாற்காலியா?" என்று கேட்டவர் நீங்கள். ஆனால் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சமையலறையில் இருக்கும்போது என்னால் எதையும் மாற்ற முடியாது. தட்டையாக வந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். தட்டிக் காட்டினால் சத்தம் கேட்கிறது என்று சொல்லுங்கள். ஒரு துண்டாவது விழுங்குங்கள், பக்கத்தில் தண்ணீர் வைக்கிறேன். அவர் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய் "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? சின்னவன் மேலும் தப்பில்லை, மாவு மேலும் தப்பில்லை. மூடியைத் திறந்தது நான்தான். அதை அவரிடம் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன், ஆனால்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இரண்டே தட்டு. தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிற மாதிரி

பின்குறிப்பு: அக்கா, கையெழுத்து மாறியிருக்கேன்னு பயப்படாதே, நான்தான். உள்ளே வந்தேன். உன் மருமகள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கையில் பேனாவோடு பொய்த் தூக்கம் தூங்கினாள். நான் விளக்கு மேலிருந்த பாவாடையை எடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது நிஜத் தூக்கமாகிவிட்டது. விளக்கு மேல் துணி போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் வீட்டில் இப்படி. பாவாடையில் வட்டமாகக் கருகியிருக்கிறது. அவள் அம்மாவுக்கு என்ன கதை சொல்வதென்று நாளைக்கு யோசிக்கிறேன்.

முதல் நாளே எனக்குத் தெரியும் அக்கா. என் நாற்காலி ஜன்னல் பக்கத்தில்தானே? சட்டைக்குள்ளே எதையோ கட்டிப் பிடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் அவள் தெருவில் ஓடிவந்ததைப் பார்த்தேன். சுட்டெரிக்கும் பானையைத் திறந்தால் ரொட்டி சில்லென்று இருக்கிறது, அடியில் கடைக் காகிதம் ஒட்டியிருக்கிறது. சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. சாயந்தரம் கடைக்காரருக்குப் போன் போட்டு, "எங்க வீட்டுப் பொண்ணு இனி வாராவாரம் வரும், தயவு செஞ்சு சூடா ஒண்ணு எடுத்து வைங்க, ஆறிப்போனத வெச்சுக்கிட்டு எனக்கு நடிக்க வரல"ன்னு சொன்னேன்.

இன்னொன்று. மூடியைத் திறந்தது அவள் மட்டுமில்லை. வாராவாரம் அவள் பல் தேய்க்கப் போகும் இரண்டு நிமிடத்தில் நான் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவேன். இப்போது இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரியை எழுப்பிக் கேட்டால், "நான் துணி கொடுக்கக் கிளம்பறப்ப ஒரே ஒரு தடவைதான் பாத்தேன்" என்கிறாள். ஒரு பானையை மூன்று பேர் திறந்தால் அதில் எது உப்பும்?

அதனால் நீ பொய் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஓவன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார். அரை மணி நேரம் எங்கள் மூன்று பேரையும் கிட்டே விடாதே. சின்னவன் உண்மையில் எப்படிப்பட்டவன் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

உறையை ஒட்டி நானே தபாலில் போடுகிறேன். காலையில் அவள் தேடினால், படிக்காமலே போட்டுவிட்டேன் என்பேன். நம்புவாள். எங்கள் வீட்டில் எதைச் சொன்னாலும் நம்புவோம்.

இதை யாரிடமும் காட்டாதே. முக்கியமாக உன் மருமகளிடம்.