பச்சைப் புள்ளி, போகலாம்!

“பச்சை! போகலாம்!”

கண்ணாடிக்கு அப்பால் முராகோஷி விரலை நீட்டிக் கத்தினார். இப்பால் கணினித் திரையில் மூளை அலைகள் கம்பளிப்பூச்சி மாதிரி சிலிர்த்துக்கொண்டன. ஆராய்ச்சி மாணவன் இனகாகி மறுபடியும் பதிவை நிறுத்தினான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒசாகா புறநகர் ரயிலில் டிரைவர். அங்கே சிக்னலைக் கண்டால் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். அப்படிப்பட்டவர் தலையில் ஒயர்த் தொப்பி மாட்டி, எதிரே பச்சைப் புள்ளியைக் காட்டினால் என்ன செய்வார்?

இனகாகிக்கு வேண்டியது ஒரே ஓர் அலை. நம் பின்மண்டையில் ஆல்ஃபா என்று ஒன்று ஓடுகிறது. பார்க்க ஒன்றுமில்லை என்றால் தொப்பை போட்டுக்கொள்ளும். ஏதோ பார்க்கப்போகிறோம் என்று எதிர்பார்த்தாலே போதும், படம் வருவதற்கு முன்பே இளைத்துவிடும். புள்ளி வந்தால் அடுத்து ஒரு படம் வரப்போகிறது என்று அர்த்தம். புள்ளி வந்ததும் அலை இளைப்பதைப் பேராசிரியர் குவபாரா இன்று நேரில் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நாளை முதல் இனகாகிக்குத் தங்கமீன் பிரிவில் தொட்டி கழுவும் ஆராய்ச்சி.

“அண்ணே, கத்தாம பாருங்க.”

“சரி தம்பி.”

கத்தவில்லை. முணுமுணுத்தார். தாடை ஆடியது, அலையும் ஆடியது.

“வாயை மூடிக்குங்க அண்ணே.”

மூடிக்கொண்டார். விரல் நீண்டது.

“கையையும் மடக்கிக்கலாமே?”

கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார். புள்ளி வந்ததும் காலணிக்குள் கட்டைவிரல் நிமிர்ந்தது. அதற்கும் அலை துள்ளியது.

“நானா செய்யல தம்பி, அதுவா போகுது. சுட்டிக்காட்டலேன்னா பார்த்தேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுது.”

கோளாறு பச்சையில்தான் என்று இனகாகிக்கு ஞானோதயம் ஆனது. புள்ளியைச் சிவப்பாக்கினான்.

“சிவப்பு! நில்!” என்றார் முராகோஷி. நின்றார். மூச்சும் நின்றது. படம் வந்து போயிற்று. அவர் பச்சைக்காகக் காத்திருந்தார். முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனதும் இனகாகி பதறிப்போய்ப் பச்சையைப் போட்டான்.

“போகலாம்!” என்று மூச்சுவிட்டார்.

உபகரணங்களைப் பார்த்துக்கொள்ளும் தொகாஷி அக்கா எட்டிப் பார்த்தாள். “மஞ்சள் போட்டுப் பாரேன்.”

“மஞ்சள்! மெதுவா!” என்றவர் கண்ணையும் மெதுவாகச் சிமிட்டினார்.

“நல்ல யோசனைக்கா,” என்றான் இனகாகி. அக்கா ஒயர் சுற்றப் போய்விட்டாள்.

“தம்பி, எங்க பணிமனையில புதுசா வர்றவனைப் பெரிய டிரைவர் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிக் காட்டுவாரு. நீங்களும் ஒரு தடவை காட்டிடுங்களேன்.”

நியாயமாகத்தான் பட்டது. இனகாகி அவருடைய ஒயரைப் பிடுங்கிவிட்டு, அவரை இந்தப் பக்கம் அழைத்துவந்து உட்காரவைத்தான். தன் தலையிலும் ஒரு தொப்பியை மாட்டி, பசை தடவி, ஒயரைப் பெட்டியில் சொருகி, பல்லைக் கடித்துக் காட்டினான். திரையில் களேபரம். பிறகு சும்மா இருந்து காட்டினான். அலை ஒழுங்காக ஓடியது.

“அடடே, இவ்வளவுதானா!” என்றார் முராகோஷி.

அந்த நேரம் பார்த்து நடையில் குவபாராவின் செருப்புச் சத்தம். இனகாகி டிரைவரை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒலிவாங்கியையும் அணைத்தான். இனி அவர் கத்தினாலும் பேராசிரியர் காதில் விழாது.

குவபாரா வந்து நின்றார். அவர் மனிதர்களைப் பார்ப்பதில்லை, அலைகளைத்தான் பார்ப்பார். “எங்கே, காட்டு.”

திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி வந்தது. கத்தியிருப்பாரோ? இனகாகி கண் கொட்டாமல் பார்த்தான். படம் வருவதற்கு முன்பே ஆல்ஃபா அழகாக இளைத்தது. அடுத்த புள்ளி. கத்துவாரோ? இளைத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் இனகாகியின் உயிர் கண்ணுக்கு வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் அலை மணப்பெண் மாதிரி தலை குனிந்தது.

“இப்படி ஒரு எதிர்பார்ப்பை நான் பார்த்ததே இல்லை,” என்றார் குவபாரா. “என்ன கவனம்! என்ன தவிப்பு! இந்த ஆளை விட்டுடாதே. தங்கமீனுக்கு வேற யாரையாவது பார்த்துக்கறேன்.”

அவர் போனதும் இனகாகி விளக்கைப் போட்டு, கண்ணாடிக்கு நேரே இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினான். தொகாஷி அக்கா உள்ளே போய்த் தொப்பியைக் கழற்ற, முராகோஷி பூரித்த முகத்தோடு வெளியே வந்தார். குரல்தான் கரகரத்தது.

“நல்ல மனசு தம்பி உங்களுக்கு. ஒலிவாங்கியில சின்ன விளக்கு அணைஞ்சதுமே புரிஞ்சுக்கிட்டேன், இனி தாராளமா கத்தலாம்னு. ஒரு சிக்னலைக்கூட விடல.”

இனகாகி திரையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். “கத்தினீங்களா? அப்புறம் எப்படி அலை இவ்வளவு சுத்தமா...”

தொகாஷி அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஒயரின் நுனியைத் தூக்கிக் காட்டினாள்.

“அண்ணனோட ஒயர் இதோ தரையில கிடக்குது, பெட்டியில சொருகியிருக்கறது உன் தலைடா.”