விசாரணைக் குழுவுக்கு நான் வாசித்த வாழ்த்துப்பா

இந்தச் சம்பவத்துக்கு முன்னர் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் விடுதியில் தங்கிப் படித்தவன் நான்; ஓய்வுபெற்ற அதிபர்; சமாதான நீதவான்; எங்கள் ஊர் வங்கி வைப்பாளர் சங்கத்துக்குப் போட்டியின்றித் தெரிவான தலைவர். (போட்டியிட ஊரில் ஆள் இல்லை என்று என் மனைவி சொல்வதுண்டு. புங்குடுதீவின் பாதி இப்போது கனடாவில்தான் என்றாலும், அது வேறு விடயம்.) இறுப்பிட்டி வீதியில் நான் நடந்து போனால் சைக்கிளில் வருபவர்கள் இறங்கி நிற்பார்கள். இப்போது இறங்குவதில்லை. சிரித்துக்கொண்டே மிதிக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஒரு சிறிய வங்கியின் கிளை இருந்தது. வங்கியின் பெயரை எழுதமாட்டேன். செத்தவரைப் பெயர் சொல்லி ஏசுவது எங்கள் வழக்கமன்று. அதனை அரசாங்கமே முன்னின்று பெரிய வங்கியொன்றுடன் இணைத்தது. பெரிய வங்கி செய்த முதல் வேலை, எங்கள் கிளையை மூடிக் கணக்குகளை யாழ்ப்பாண நகருக்கு மாற்றப்போவதாக அறிவித்ததுதான். மற்ற மாவட்டங்களிலும் இதே கூச்சல் எழவே, பாராளுமன்றம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. தீவுப்பகுதி மக்களின் சாட்சியத்தைக் கேட்க அந்தக் குழு ஊர்காவற்றுறைக்கு வரும் என்றும், சாட்சி சொல்ல வேண்டியவர் நான் என்றும் அறிவித்தார்கள். குழு பரிந்துரைத்தால் கிளை தப்பும்.

செய்தி அறிந்த அன்றே பக்கத்து வளவு நாகம்மா அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். காலஞ்சென்ற கணவரின் ஓய்வூதியத்தில் தனியே சீவிப்பவர். முழங்கால் இரண்டும் மடங்கா.

“தம்பி, இஞ்சை எண்டால் தடியை ஊண்டிக்கொண்டு நான் நடந்து போயிடுவன். யாழ்ப்பாணம் போற பஸ்ஸிலை ஏற என்னாலை ஏலாது. வேறை ஒண்டும் வேண்டாம், அதை மட்டும் அவையளுக்குச் சொல்லிப்போடும்.”

“சொல்லுற முறையிலை சொல்லுவன் அக்கா,” என்றேன்.

அந்த முறைதான் எங்களைக் கவிழ்த்தது.

சங்கத்தின் செயலாளர் குணரத்தினம், தெற்கில் நெடுங்காலம் கடை வைத்திருந்தவர். சிங்களம் நன்கு அறிவார், மரபு அறியார். மங்கல விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துப்பா, அதன் பின்னர் சாட்சியம் என்று நான் நிகழ்ச்சி நிரலை வாசித்ததும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

“மாஸ்டர், வாறவை விசாரணைக்கு வருகினம். சாமத்தியவீட்டுச் சடங்குக்கு இல்லை.”

“வீடு தேடி வந்தவனை வாசலிலை மறிச்சுவைச்சுக் குறை சொல்லுறதோ எங்கட பண்பாடு?”

“அவையள் குறை கேக்கத்தானே வருகினம்!”

அன்றிரவே வாழ்த்துப்பாவை எழுதி முடித்தேன். அறுசீர் விருத்தம், மூன்று பாட்டு. நகரத்தில் அச்சடித்து, பொன்னிறச் சட்டம் போட்டு, கண்ணாடியும் இடுவித்தேன். நாகம்மா அக்காவின் முழங்கால், பஸ், கிளை யாவும் தனியே தட்டச்சு செய்யப்பட்டு என் சட்டைப்பையில் இருந்தன. முழங்காலைப் பொன்னிறச் சட்டத்துக்குள் போடுவது அழகன்று.

குறித்த நாளில் குழுவினர் நால்வர் பிந்தி வந்தார்கள். மண்டபத்தில் காற்று விளக்கை அணைத்தது, மீண்டும் ஏற்றினோம், மீண்டும் அணைத்தது. நான்காவது பொன்னாடையைக் கோட் அணிந்திருந்த ஒருவருக்கு நானே போர்த்தினேன். அவர் உறுப்பினர் அல்லர், மொழிபெயர்ப்பாளர் என்பது, பின்வரிசையில் உண்மையான நான்காமவர் வெறுந்தோளுடன் வடை தின்றுகொண்டிருந்ததைக் கண்ட பின்னரே புரிந்தது. (கோட் போட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். நான் என்ன செய்ய?) மொழிபெயர்ப்பாளரின் கண்கள் கலங்கின. இத்தனை வருட சேவையில் அவருக்கு எவரும் எதையும் போர்த்தியதில்லையாம். நன்றிக்கடனை அவர் உடனேயே தீர்க்கத் தொடங்கினார். நான் ஒரு வரி வாசித்தால் அவர் மூன்று வரி பெயர்த்தார்.

முதற் பாட்டிலேயே இந்த அடிகள் வந்தன:

அலைகடல் சூழ்ந்த தீவில் ஐயநும் வரவால் இன்று
நிலைபெறு குறைகள் யாவும் நீங்கின நிறைவு கண்டோம்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. விருந்தினர் வந்தால் குறை நீங்கும். அது வாழ்த்துப்பாவின் இலக்கணம். கலியாண வீட்டில் மாப்பிள்ளையை மன்மதன் என்று வாசித்தால், எவரும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சரிபிழை பார்ப்பதில்லை. குழுவின் தவிசாளரோ பேனையை எடுத்தார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சில் கைவைத்து நீளமாக விடை சொன்னார்.

பின்னாலிருந்து குணரத்தினம் என் சட்டையை இழுத்தார். “மாஸ்டர், நிப்பாட்டும்! உங்கட வாக்குமூலம் தொடங்கிட்டுதெண்டு சொல்லுறான்!”

“கூட்டத்திலை ஒழுங்கு வேணும் குணரத்தினம்,” என்று கூறிவிட்டு இரண்டாம் பாட்டை ஆரம்பித்தேன்.

மூன்றாம் பாட்டு முடிந்ததும் சட்டத்தைக் கையளித்தேன்; படம் எடுத்தார்கள். தவிசாளர் மிகுந்த மகிழ்ச்சியுடன் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

“உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்கிறார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மண்டபம் நிறைந்த சனம். சட்டமிட்ட என் செய்யுள் அவர் கையில். அதை நானே பொய் என்று சொல்வதா? “அது... செய்யுள் மரபு,” என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதையும் பெயர்த்தார். என்னவென்று பெயர்த்தார் என்பதைக் குணரத்தினம் பிற்பாடு எனக்குச் சொன்னார்: தங்கள் நன்றியைச் செய்யுளில் சொல்வதே இந்த ஊர் மக்களின் மரபாம்.

தவிசாளர் எழுந்தார். சட்டைப்பையில் கையை விட்டேன். “அக்காவின் முழங்கால்...” என்று தொடங்கினேன். குழு நயினாதீவுக்கும் போகவேண்டியிருந்தது. குறிகட்டுவானில் படகு காத்துக்கொண்டிருந்தது. வாகனங்கள் புறப்பட்ட புழுதியில், நாதஸ்வரக்காரர் நான் ஒழுங்கு செய்திருந்தபடியே மங்களம் வாசித்தார்.

சங்கம் பிடித்த ஓட்டோவில் வந்திருந்த நாகம்மா அக்கா முன்வரிசையில் தடியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். “தம்பி, என்ரை காலைப் பற்றி எப்ப சொன்னனீர்? எனக்குக் கேக்கேல்லை,” என்றார்.

குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதில் தீவுப்பகுதிக்கு ஒரே ஒரு வாக்கியம்: வைப்பாளர் சங்கத் தலைவர் குறைகள் யாவும் நீங்கியதாகச் செய்யுள் வடிவில் சாட்சியமளித்தார். கிளை மூடப்பட்டது. அதன் வாசலில் இப்போது ஆடுகள் படுக்கின்றன.

ஓய்வூதிய நாளில் நாகம்மா அக்காவை இரண்டு பேர் பிடித்து பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். பார்ப்பதற்கு நன்றாக இல்லை. என் படலையைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் நின்று, “தம்பி, குறையெல்லாம் நீங்கிப்போச்சு. போட்டு வாறன்,” என்கிறார். கறியில் உப்பில்லை என்று நான் சொன்னால் மனைவி குசினிக்குள் இருந்தபடியே, “நீங்கின, நிறைவு கண்டோம்,” என்கிறாள். கனடாவிலுள்ள மகள் தொலைபேசியில் சுகம் கேட்பதும் அந்த அடியைச் சொல்லித்தான். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் மனப்பாடமான ஒரே செய்யுள் அது.

நான் அந்தக் குழுவின் முன் இராகம் போட்டுப் பாடினேன் என்று இங்கும் கனடாவிலும் சொல்லித் திரிகிறார்கள். அது உண்மையன்று. நான் வாசித்தேன்.