இரண்டாம் நம்பர் பொத்தான்

வானமே இடிந்து விழுந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானின் இரும்பு பீரோவைத் தொடுவதில்லை என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு கட்டினார். மச்சான் வீடு மாறுகிறான். புது வீடு நான்காவது மாடி. லிஃப்ட் உண்டு, பீரோ அதற்குள் நுழையாது.

மொழிபெயர்ப்பாளரின் புது ப்ளூடூத் கீபோர்டில் 1, 2, 3 என்று மூன்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அவருடைய கம்ப்யூட்டரோடு இணையும். மற்ற இரண்டும் சும்மா கிடக்கின்றன என்பது அவர் நினைப்பு. பூனைபோல் போய் இரண்டாம் நம்பரை அழுத்திவிட்டு, கத்தி ஊரைக் கூட்டினார்.

"போச்சு! கீபோர்டு செத்துப்போச்சு! நாளைக்குக் காலைல நாப்பது பக்கம் குடுக்கணும். இன்னைக்குப் பூரா இதோட மல்லுக்கட்டினாத்தான் உண்டு."

மனைவி தையற்காரி. வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு வந்தாள்.

"தம்பி காத்துக்கிட்டிருப்பானே?"

"நானா வரமாட்டேங்கிறேன்? விதி விடமாட்டேங்குது."

"எங்கே, அடிச்சுக் காட்டுங்க."

அடித்தார். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. அவள் பார்வை மட்டும் இரண்டின் மேல் மின்னிய குட்டி விளக்கில் ஒரு கணம் நின்றது.

"அடப் பாவமே. விடாம அடிங்க, ஒட்டிக்கும்" என்று தன் அறைக்குப் போய்விட்டாள்.

எழுத்தே விழாத கீபோர்டு யாருக்குக் கிடைக்கும்? மனுஷர் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினார். 'தின்று கொழுத்த எருமை, அவனே தூக்கட்டும். மாமனார் பெண்ணைக் கொடுத்தாரா, பீரோ சுமக்க ஆள் எடுத்தாரா?' நெஞ்சு லேசானது. என்டரை ஓங்கித் தட்டினார்.

"ஒட்டுச்சா?" அடுத்த அறையிலிருந்து குரல்.

"ம்ஹூம்!"

"எனக்கு ஒட்டிக்கிச்சு."

டேப்லெட்டும் கையுமாக வந்தாள். "வாடிக்கைக்காரங்க அளவு அடிக்கணும்னு அந்த ரெண்டாம் நம்பரை நேத்தே இதோட சேர்த்துட்டேன்."

திரையில் மச்சானின் பெயர். அதன் கீழே எருமை, மாமனார், பீரோ எல்லாம் வரிசையாக.

"அடிப்பாவி! அவனுக்கா அனுப்பினே?"

"நான் தம்பி மெசேஜைத் திறந்துதாங்க வெச்சேன். அனுப்பினது உங்க விரல்."

அதற்குள் டேப்லெட் 'டிங்' என்றது. மச்சானின் பதில்: "எருமை உங்க வாசல்லதான் நிக்குது மாமா. செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க."